இரண்டு தட்டில் ஒரு புள்ளி

வானாய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. இரவில் எடுத்த படங்களைப் பகலில் பார்ப்பது அவள் வேலை. வானத்தின் ஒரே மூலையை அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு கண்ணாடித் தட்டுகளில் படம் பிடித்திருப்பார்கள். இரண்டையும் ஒரு கருவியில் பொருத்திக் குமிழைத் திருப்பினால் ஒன்று மாற்றி ஒன்று தெரியும். விண்மீன்கள் அசையாமல் நிற்கும். நகர்ந்தது எதுவோ அது மட்டும் துள்ளும். பெரும்பாலும் ஒன்றும் துள்ளாது. கழுத்துதான் பிடித்துக்கொள்ளும்.

ஒரு காலையில் மங்கலாக ஒரு புள்ளி துள்ளியது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் கற்களான சிறுகோள்களில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் தெரிந்த சிறுகோள் எதுவும் அன்று அந்த இடத்தில் இல்லை. மூச்சுவிடாமல் ஓடிப்போய் இயக்குநரிடம் சொன்னாள். அவர் நல்ல மனுஷர், அவசரப்படாதவர். இரண்டு புள்ளியை வைத்துப் பாதை போட முடியாது, இரண்டு தட்டிலும் இரண்டு தூசியாகக்கூட இருக்கலாம், மூன்றாவது படம் வரட்டும் என்றார்.

இதைக் கேட்டு அவளைவிட அதிகமாகக் கொதித்தவர் அந்தப் படங்களை எடுத்தவர்.

“என் தட்டுல தூசியா? மூணாவது படத்தை நான் எடுத்துத் தரேங்க. நீங்க கவலைப்படாதீங்க.”

சொல்லி வைத்தாற்போல் மேகம் மூடியது. வானம் தெளிந்தபோது அந்தக் கல் எங்கோ நகர்ந்துவிட்டது. அவரும் சளைக்காமல் அங்கே இங்கே என்று படம் எடுத்துக் கொடுத்தார். அவளும் கண் பூக்கப் பார்த்தாள். புள்ளி சிக்கவில்லை. ஆனால் தட்டைக் கொடுக்க வந்தவர் நின்று பேச ஆரம்பித்தார். கல்லைத் தேடிப் போய்க் கல்யாணத்தில் முடிந்தது என்று கூடமே கேலி செய்தது.

மகள் பிறந்தாள், வளர்ந்தாள். கண்ணாடித் தட்டுகள் போய்ப் புதுக் கேமராக்கள் வந்தன. இருவரும் ஓய்வு பெற்றார்கள். ஏதாவது கண்டுபிடித்தாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சிரித்து மழுப்பிவிடுவாள். தூசியாகவே இருந்திருக்குமோ என்ற உறுத்தல் உள்ளே இருந்தது. கணவரிடம் மட்டும் அதைச் சொல்ல வாய் வராது. சொன்னால் அவர் தொழிலையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

ஒரு நாள் மத்தியானம் புது இயக்குநர் அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். வேறொரு நாட்டில் ஒரு குழு புதிதாக ஒரு சிறுகோளைக் கண்டு, சில வருஷங்கள் விடாமல் பின்தொடர்ந்து பாதை போட்டிருக்கிறதாம். சூரியனைச் சுற்றிவர அதற்கு நாலரை வருஷம். அந்தப் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பழைய தட்டுகளில் தேடியபோது, அவள் குறித்து வைத்த இரண்டு புள்ளிகள்மேல் கச்சிதமாக வந்து உட்கார்ந்ததாம். அத்தனை பழைய புள்ளிகள் கிடைத்ததால் பாதை உறுதியாகி, கல்லுக்குச் சிறுகோள் பட்டியலில் நிரந்தர எண்ணும் கிடைத்துவிட்டது. விதிப்படி கண்டுபிடித்தவர்கள் அந்தக் குழுதான். பெயர் வைக்கும் உரிமையும் அவர்களுக்கே. ஆனாலும் உங்களுக்கு ஏதாவது பெயர் தோன்றுகிறதா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.

யோசித்துச் சொல்வதாகக் கூறி ஃபோனை வைத்துவிட்டு, மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரிடம் வந்தாள்.

“தூசி இல்லையாம்ங்க.”

“நான்தான் அன்னைக்கே சொன்னேனே.”

“எனக்கு இத்தனை வருஷமா சந்தேகம் இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லல.”

அவர் துணியை மடித்து வைத்தார். “எனக்கும்தான். அந்த வாரம் தட்டு கழுவுற தண்ணி கொஞ்சம் கலங்கலா இருந்துச்சு. நான் மட்டும் உன்கிட்ட சொன்னேனா?”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

அம்மா பெயரையே வைக்கச் சொல்லலாம் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அவள்தான் சம்மதிக்கவில்லை.

“அவங்க வருஷக்கணக்கா பின்னாடியே போயிருக்காங்க. நான் பார்த்தது ஒரு தடவைதான். அவங்களே வைக்கட்டும்.”

கணவருக்கு மனத்தாங்கல்; அன்று முழுக்கச் சரியாகப் பேசவில்லை. அடுத்த வாரம் அவரே வண்டி பிடித்து அவளைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கிருந்தவர்கள் மூலையில் கிடந்த பழைய கருவியைத் துடைத்து அந்த இரண்டு தட்டுகளையும் பொருத்திக் கொடுத்தார்கள். குனிந்து குமிழைத் திருப்பினாள். புள்ளி துள்ளியது. பார்க்க வரிசையில் அடுத்து நின்றவர் தோளைத் தட்டும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. தோளைத் தட்டியவர் கணவர்தான்.