கட்சிக்காரருக்குக் காமாலை

என் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. இதை முதலில் சொல்லிவிட்டால் பிறகு மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும். இருபது வருடத்துக்கு மேல் கறுப்புக் கோட்டுப் போட்டவன் நான். ஊரார் குடும்ப ரகசியங்களையெல்லாம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருப்பதாகப் பீற்றிக்கொள்கிறவன். ஆனால் நீதிமன்ற இணையதளத்துக்குள் என் பெயரில் நுழைய வேண்டுமென்றால், கோர்ட்டுக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டர்காரர் முன்னால் போய் நிற்க வேண்டும். கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும். என் மின்னஞ்சல் முகவரியை உண்டாக்கியவரும் அவர்தான். அதில் என்ன கடிதம் வந்தது, எது வரவில்லை என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். இருவரும் அடிக்கடி திறந்து பார்ப்பதில்லை.

இது போதாதென்று, ஒரு சனிக்கிழமை வழக்கறிஞர்கள் கூட்டத்தில் ‘தொழில்நுட்பமும் வழக்கறிஞரின் எச்சரிக்கையும்’ என்று நாற்பது நிமிடம் பேசினேன். ‘கடவுச்சொல்லை எவரிடமும் பகிராதீர்’ என்று திரையில் சிவப்பு எழுத்தில் வந்தபோது நல்ல கைதட்டல். திரையை ஓட்டிக்கொண்டிருந்தவர் சென்டர்காரர். அவரும் தட்டினார்.

எங்கள் கூட்டத்தின் யோக்கியதையைச் சொல்லவேண்டும். வழக்குகளை இனி கணினி வழியாகத்தான் தாக்கல் செய்யவேண்டும் என்று உத்தரவு வந்தபோது வாசலில் நின்று கோஷம் போட்டோம். வழக்கறிஞர் தொழிலின் மாண்பு என்ன ஆவது என்று கேட்டோம். கோஷம் போட்டுத் தொண்டை வறண்டதும், அந்த மாண்பை அப்படியே தூக்கிக்கொண்டு போய் சென்டர்காரர் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். ஒவ்வொரு தாக்கலின் முடிவிலும் கைப்பேசிக்கு ஓடிபி என்று ஆறு இலக்க எண் வரும். அதைப் போட்டால்தான் மனு நீதிமன்றத்துக்குப் போகும். விசாரணையில் நிற்கிற நேரத்தில் அந்த எண்ணைக் கேட்டுப் போன் அடிக்கிறதே என்று நாங்கள் அலுத்துக்கொள்ள, சென்டர்காரர் ஒரு வழி சொன்னார்.

“உங்க பேருக்கு ஒரு சிம்மு வாங்கி இங்கனயே வச்சிருவோம் சார். ஓடிபியும் இங்கனயே வந்துரும். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?”

அறிவுள்ள எவனும் அங்கேயே எழுந்து ஓடியிருப்பான். நாங்கள் நன்றி சொன்னோம். அவர் மேஜை இழுப்பறையில் பட்டன் போன்கள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் ஒரு வழக்கறிஞரின் பெயர். பிணவறையில் கால் கட்டைவிரலில் சீட்டுக் கட்டுவார்களே, அதேபோல. என்னுடையது இடமிருந்து நாலாவது.

இனி வழக்குக் கொடுத்த என் கட்சிக்காரரைச் சொல்கிறேன். வெம்பக்கோட்டைப் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் அம்மா அவர். கணவர் போன பிறகு மக்காச்சோளத்தையும் பருத்தியையும் தனியாளாகப் பார்க்கிறார். நிலத்துக்குப் போக ஒரே ஒரு வண்டிப்பாதை. அதை ஒட்டியிருக்கும் பட்டாசு கம்பெனி, பாதை தங்கள் பட்டாவுக்குள் இருக்கிறது என்று சொல்லி வேலி போட வந்தது. வேலி வந்துவிட்டால் டிராக்டர் உள்ளே போக முடியாது. விளைந்ததைத் தலைச்சுமையாகத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். அவர் போட்ட வழக்கு கீழ்க்கோர்ட்டில் தள்ளுபடியாகிவிட்டது. தோற்ற வழக்கையும் நான்தான் நடத்தினேன் என்பதைத் தன்னடக்கத்துடன் குறிப்பிடுகிறேன். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கெடு முடிய நாலு நாள் இருக்கும்போதே எல்லாக் காகிதத்தையும் சென்டர்காரரிடம் கொடுத்துவிட்டேன். இதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. எங்கள் தொழிலில் நாலு நாள் மிச்சம் வைப்பவன் மகான்.

சாயங்காலம், “ஏத்தியாச்சா?” என்று வாட்ஸப்பில் கேட்டேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மஞ்சள் நிறத்தில், குண்டாக, நம்பிக்கையோடு நிமிர்ந்து நின்றது. நாற்பது நிமிடம் எச்சரிக்கையைப் பற்றிப் பேசிய நான் அந்தக் கட்டைவிரலை நீதிமன்ற முத்திரைபோல ஏற்றுக்கொண்டேன். அந்த அம்மா இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும், “ஃபைல் ஆயிருச்சுக்கா, கோர்ட்டுல அப்பீல் நம்பர் விழணும், அம்புட்டுத்தான்” என்று சொன்னேன்.

மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை, சொன்னார்.

“வக்கீல் சார், கம்பெனி ஆளுக வேலிக்குக் கல்லுக்கால் நட்டுக்கிட்டு இருக்காக. அப்பீல் போட்டிருக்குன்னு சொன்னா, அப்படி ஒண்ணும் இல்லைனு சிரிக்காக.”

சென்டருக்கு ஓடினேன். பூட்டிக் கிடந்தது. காலண்டர் சீசன் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் காலண்டர் ஏஜெண்டு ஆகிவிடுவார்கள். சென்டர்காரரும் அப்படித்தான், சாம்பிள் ஆல்பத்தை வண்டியில் கட்டிக்கொண்டு காரியாபட்டி வரைக்கும் நகைக்கடை, ஜவுளிக்கடையாக ஏறி ஆர்டர் பிடிக்கப் போய்விடுவார். மறுநாள் காலையில்தான் வந்தார். ஆல்பத்தின் மேலட்டையில் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இழுப்பறையைத் திறந்து நாலாவது போனை எடுத்தார். செத்துக் கிடந்தது. சார்ஜில் போட்டு இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தோம், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்வதுபோல. உயிர் வந்ததும் படிக்கப்படாத ஒரு செய்தி தெரிந்தது. ஆறு இலக்க எண். பத்து நிமிடம் மட்டுமே செல்லும் என்று அதிலேயே எழுதியிருந்தது. வந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

“அன்னைக்கு ஏத்திட்டு ஓடிபிக்குக் காத்துக்கிட்டு இருந்தேன் சார். அதுக்குள்ள ஒரு பெரிய ஆர்டர்னு போன் வந்துச்சு. வந்து போட்டுருவோம்னு…”

“கட்டைவிரல் அனுப்புனீகளே?”

“ஏத்துனது ஏத்துனதுதானே சார்?”

அவரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். சட்டப்படி அவர் எனக்கு யார்? குமாஸ்தாவா? இல்லை. கூட்டாளியா? இல்லை. காலண்டர் ஏஜெண்டு. ஒரு விவசாயியின் பாதையைக் காலண்டர் ஏஜெண்டின் இழுப்பறைக்குள் போட்டு மூடியவன் நான். வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் தொழிலின் பெரிய வசதியை இப்போது சொல்ல வேண்டும். டாக்டர் வயிற்றுக்குள் கத்தரிக்கோலை வைத்துத் தைத்துவிட்டால் பேப்பரில் வரும். வக்கீல் கெடுவைத் தவறவிட்டால் கட்சிக்காரருக்குக் காமாலை வரும். ஆம், மஞ்சள் காமாலை. தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவோடு கட்சிக்காரரின் பிரமாண வாக்குமூலம் ஒன்று வைக்க வேண்டும். அதற்கென்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் வாசகம் உண்டு: ‘மனுதாரர் மஞ்சள் காமாலையால் பீடிக்கப்பட்டு, நாட்டு மருந்து உட்கொண்டு, பத்தியமிருந்து, படுத்த படுக்கையாய்க் கிடந்தபடியால் தமது வழக்கறிஞரைச் சந்திக்க இயலாமற்போயிற்று.’ நாட்டு மருந்து என்ற சொல்லில்தான் சூட்சுமம். டாக்டர் சான்றிதழ் தேவைப்படாது. என் கணினியில் ‘காமாலை’ என்றே ஒரு கோப்பு இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். கோர்ட்டுக் காகிதங்களை நம்பி எவராவது ஆராய்ச்சி செய்தால், இந்த மாவட்டத்தில் ஈரல் உள்ள மனிதனே கிடையாது என்றுதான் முடிவுக்கு வருவார்.

ஆலோசனைக்கு ஒரு மூத்த வழக்கறிஞரிடம் போனேன். கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் சீனியர். என்னைக் கண்டதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“ஏலே, இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? காமாலையப் போடு.”

“அந்தம்மா கல்லு மாதிரி இருக்காகண்ணே.”

“கல்லுக்குக் காமாலை வரக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துலலே இருக்கு?”

போட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், ஐந்து நிமிடத்தில் தயார் செய்துவிட்டேன். மதியம் அந்த அம்மா ஆபீசுக்கு வந்தார். சென்டரில் மனு நின்றுபோனதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு நீட்டினேன். எங்கள் கட்சிக்காரர்கள் அந்தக் குறியை மட்டும்தான் பார்ப்பார்கள். இவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்தது.

“யாருக்கு சார் காமாலை?”

“உங்களுக்குத்தான்க்கா. சும்மா ஒரு பேச்சுக்கு. எல்லாரும் போடுறதுதான்.”

“படுத்த படுக்கையா கெடந்தேன்னு போட்டிருக்கீக.”

“ஆமாக்கா.”

“அந்த மாசம் பூரா நான் சோளத்துக்கு மருந்தடிச்சேன். காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ அந்தப் பாதையிலதான் போனேன். கம்பெனி வாசல்ல கேமரா வச்சிருக்காகல்ல? அதுல நான் தெனமும் நடக்கேன். அத அவுக கோர்ட்டுல போட்டுக் காட்டுனா எம் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?”

பென்சிலை எடுத்து மேஜைமேல் உருட்டினேன்.

“சரி, கேமராவ விடுங்க. படுத்துக் கெடந்தேன்னு நானே எழுதிக் குடுத்தா, அப்ப பாதையில போனது யாரு? பாதை வேணும்னு கேஸு போட்டுட்டு, பாதைக்கே போகலைன்னு நானே கையெழுத்துப் போடவா?”

சட்டம் படித்தவன் நான். இரண்டு பாயிண்டும் எனக்குத் தோன்றவில்லை. தொழில்நுட்ப எச்சரிக்கை பற்றிய என் உரையில் கேமரா என்ற சொல்லே இல்லை.

“வேற என்னதான்க்கா எழுத?” என்றேன்.

“நடந்தத எழுதுங்க. நடந்தது உங்க கிட்டதான? நீங்களே கையெழுத்துப் போடுங்க.”

காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பென்சில் பெருக்கல் குறி என்னைப் பார்த்தபடி கிடந்தது.

என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சிறிய வாக்குமூலம் அதுதான். ஓடிபி வரும் போனையும் கடவுச்சொல்லையும் வெளியாளிடம் கொடுத்தேன், தாக்கலான ரசீதைப் பார்க்கவில்லை, தாமதம் முழுக்க என் கவனக்குறைவால் வந்தது, கட்சிக்காரர் மீது தவறு ஏதும் இல்லை. கீழே என் கையெழுத்து. சீனியர் படித்துவிட்டு, கையில் பாம்பைக் கொடுத்ததுபோலக் கீழே போட்டார்.

“கூறு இருக்காலே உனக்கு? இன்னைக்கு நீ எழுதுவ. நாளைக்கு ஒவ்வொரு கட்சிக்காரனும் எங்கள எழுதச் சொல்லுவான். தொழிலக் கெடுக்க வந்திருக்கியா?”

கெடுக்க அதில் என்ன பாக்கி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். அவரும் கெடு தவறவிட்டவர்தான், என்னைவிட அதிகத் தடவை. அவருடைய கட்சிக்காரர்களுக்குக் காமாலை, டைஃபாய்டு, அம்மை என்று முறை வைத்து வரும்.

விசாரணையன்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டுக்கட்டாக ஆதாரங்களோடு வந்திருந்தார். காமாலையை எதிர்பார்த்துத் தயாரித்தவை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பென்டிரைவும் கையில் இருந்தது. நீதிபதி என் வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“கட்சிக்காரருக்குக் காமாலை இல்லையா?”

“இல்லைங்கய்யா.”

“வக்கீலுக்கு?”

“இல்லைங்கய்யா.”

“பரவாயில்லையே. இந்தத் தாலுகாவுல ரெண்டு பேர் ஆரோக்கியமா இருக்கீங்க.”

கோர்ட்டே சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சீனியர் மட்டும் சிரிக்கவில்லை. அன்று அவருக்கு ஒரு டைஃபாய்டு மனு இருந்தது. தாமதம் மன்னிக்கப்பட்டது. செலவுத்தொகையை நான் என் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று உத்தரவு. மேல்முறையீட்டுக்கு எண் விழுந்தது. அது முடியும்வரை பாதையில் வேலி போடக்கூடாது என்றும் தடை கிடைத்தது. மத்தியானமே சென்டருக்குப் போய் என் போனை வாங்கிக்கொண்டு, கடவுச்சொல்லை மாற்றினேன். எப்படி மாற்றுவது என்று சென்டர்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். தட்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் நானே பைக்கில் போனேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் சொன்னால் கிடைக்கும் பாராட்டு போனில் கிடைக்காதே. கல்லுக்கால்கள் கம்பியில்லாமல் மொட்டையாக நின்றன. கம்பெனி கேமரா என்னையும் பார்த்தது. எதிரே சாணி உரம் ஏற்றிய டிராக்டர் வந்துகொண்டிருந்தது, அந்த அம்மா முன்னால் நடந்து வந்தார். பைக்கைப் பாதையின் குறுக்கே நிறுத்தி நகலை நீட்டினேன். தடை கிடைத்ததைச் சொன்னேன். நீதிபதி கேட்டதை, நான் சொன்னதை, கோர்ட்டு சிரித்ததை எல்லாம் விவரமாகச் சொன்னேன். உண்மையை எழுதியதால்தான் ஜெயித்தோம் என்றேன். ‘தோம்’ என்பதை அழுத்திச் சொன்னேன். அவர் நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது.

“எம் மேல ஒண்ணும் கோவம் இல்லையேக்கா?” என்றேன்.

“வண்டிய ஓரமா எடுங்க சார், லோடு போகணும்.”