மடக்கக் கூடாத கால்

தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது சித்தி இடுப்பில் சுற்றும் சாக்குப் படங்கில் ஒரு கறுத்த கறை இருக்கிறது. சித்தப்பாவின் இரத்தம் அது.

அந்தக் கறை பட்ட அன்று காலை, தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் அவர் சித்தியை இடுப்பிலேயே உதைத்தார். வீங்கிய இடத்தின் மேல் படங்கை இறுக்கிக்கொண்டு சித்தி கொழுந்து மலைக்குப் போனார். மத்தியானம் சித்தப்பா வாளி நிறைய இரத்தமாக வாந்தி எடுத்தார். சாராயமும் வலி மாத்திரையும் இரைப்பையை அரித்திருந்தன. ஹட்டனிலிருந்து கண்டி வரை வேனில் அவர் தலை, படங்கோடு அப்படியே ஓடிவந்த சித்தியின் மடியில்தான்; நானும் கூட இருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் வாயிலிருந்து இரத்தம் படங்கில் கொப்பளித்தது. எனக்கு இரக்கம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தும் இரத்தம் நிற்கவில்லை. இரைப்பையின் உட்சுவர் முழுவதும் கசிந்தது. அடைக்க ஓரிடமென்று இல்லை. வயதான சிங்கள டாக்டர் ஒருவர் தொடையிடுக்கில் தமனியைத் துளைத்து, மெல்லிய குழாயொன்றை இரைப்பைத் தமனி வரை ஏற்றினார். இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து அதன் வழியே இறங்கியது. "நாளைக்கு வரைக்கும் கால் மடக்க விட வேணாம். குழாய் கழண்டா ஆள் தப்ப மாட்டாரு" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

மருந்து வயிற்றைப் பிசைந்தது. சித்தப்பா அலறினார், தாதியின் கையைக் கடித்தார், காலைக் கட்டியிருந்த துணியை உதறி அறுத்தார். சித்தி படங்கை அவிழ்த்து அவர் முழங்காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி, மேலே முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்துகொண்டார். காலையில் உதைத்த அதே கால். அதை வெட்டிப் போட வேண்டும்போல் எனக்கு வெறி வந்தது.

"விட்டுருங்க சித்தி. போனா போகட்டும்."

"என் கையால போகக் கூடாதுடி. நீ அந்தப் பக்கம் புடி."

பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன்.

மறுநாள் இரத்தம் நின்றது. குழாயை எடுத்தார்கள். காலை ஆட்ட அனுமதி கிடைத்த அன்று சித்தி கஞ்சி ஊட்டினார். சூடு அதிகமாம். சித்தப்பா முதல் வேலையாக அந்தக் காலைத் தூக்கி சித்தியின் வயிற்றில் உதைத்தார். கோப்பை சுவரில் பட்டு உடைந்தது. நான் பாய்ந்து அவர் கழுத்தைப் பிடித்தேன்.

"விடுடி" என்றார் சித்தி, வயிற்றைப் பிடித்தபடி. "பொழைச்சிட்டாரு, நல்லா உதைக்கிறாரு. இனி நான் எதுக்கு?" படங்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தவர், பிறகு அந்த லயத்தை மிதிக்கவே இல்லை.

இப்போது அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். போன மாதம் போயிருந்தபோது புதுப் படங்கொன்று வாங்கிக் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துவிட்டு, பழையதையே இடுப்பில் சுற்றினார்.

"இது போதும்டி. ஒரு ஆளையே கட்டிப் போட்டிருக்கேன், இன்னும் கிழியல."