போதும் என்று சொல்லத் தெரியாத கிருமி

ஜப்பானின் மித்தோ நகரில் நாத்தோ செய்யும் வீட்டில் பிறந்தவள் சயோ. அவித்த சோயாவை வைக்கோலில் பொதிந்து, சூட்டில் புளிக்கவைத்து, நூல் நூலாய் இழுக்கும் பதத்தில் விற்பார் அவள் அப்பா தொகுஜி. பள்ளியில் பக்கத்துப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டபோதும் அவளுக்கு வெட்கமில்லை. தினமும் காலையில் அப்பாவே நாத்தோவைக் கலக்கி அவள் சோற்றின்மேல் விடுவார். "போதும்ப்பா" என்றால் இன்னும் கொஞ்சம் விழும்.

அந்தப் பெண்தான் ஒரு புத்தாண்டன்று அதே நாத்தோக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்!

வேலை அப்படி. கோழித் தீவனத்தில் சேர்க்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தை பாக்டீரியாவைக் கொண்டு உண்டாக்கும் ஆலை அது. தொட்டியில் விதையாக விடும் பாக்டீரியாவை அங்கே விதை அறையில் வளர்ப்பார்கள்; அதற்குள் போகிறவர்கள் நாத்தோவைத் தொடக்கூடாது. அதன் கிருமி முரடு. தொட்டியில் விழுந்துவிட்டால் மொத்தத்தையும் கீழேதான் கொட்டவேண்டும்.

"உன் கிருமிக்கு என் கிருமியக் கண்டா பயமா?" என்று கேட்டார் தொகுஜி.

"பயந்தாம்ப்பா."

உண்மையைத்தான் சொன்னாள். அவரோ தன் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். அதன்பிறகு அவள் வரும் நாட்களிலெல்லாம் அந்த முதுகைப் பார்த்தபடிதான் சாப்பிட்டாள்.

தனக்கு வேண்டிய லைசின் சேர்ந்ததும் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். சயோ அதன் மரபணுவில் ஓர் எழுத்தை மாற்றி, போதும் என்பதையே அதற்கு மறக்கடித்தாள். அதுவும் ஓயாமல் செய்தது. ஆனால் செய்ததையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு திணறி நலிந்தது. வெளியே தள்ளும் வாசல் பற்றவில்லை என்று கண்டுபிடிக்க அவளுக்கு வருடங்கள் ஆயின. வாசலைப் பெருக்கினாள், கிருமி தேறியது. பெரிய தொட்டியில் விடும் நாளும் குறித்தாயிற்று. முதல் விதையை விடுகிறவரே அந்தக் கிருமிக்குப் பெயர் வைப்பது ஆலையின் வழக்கம். பிள்ளையில்லாத சயோ எத்தனை பெயர்களை யோசித்திருப்பாள்!

அதற்கு முந்தின நாள் காலையில் அண்ணி போன் செய்தாள்.

"மாமாவுக்கு நாளைக்கு ஆபரேஷன், சயோ. வயித்துல புத்துநோயாம், இரைப்பையையே எடுக்கப்போறாங்களாம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. மத்தியானம் சாப்பிட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறோம். வாயத் திறந்து கேக்க மாட்டாரு. ஆனா மேசையில ரெண்டு கிண்ணம் எடுத்து வெச்சிருக்காரும்மா."

சயோ போனை வைத்தாள். சாப்பிட்டுவிட்டு நன்றாகக் குளித்து வந்தால் என்ன? யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரியும். நாத்தோக் கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாது.

ஆய்வகத்தில் அவளுக்கு எதிர் மேசையில் கமியா. அவளை 'வைக்கோல் கட்டு' என்று கேலி செய்தே பழகியவர். பெயர் வைக்கும் உரிமைக்குப் போட்டி போட்டவரும் அவர்தான்.

"கமியா சார், நாளைக்கு விதைய நீங்க விடுங்க."

"என்னம்மா வைக்கோல் கட்டு, காய்ச்சலா?"

"எங்கப்பாகூட நாத்தோ சாப்பிடப்போறேன்."

கமியாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "பெத்த பிள்ளைய அடுத்தவன் கையில குடுக்குற மாதிரி இருக்குமே?"

"இருக்குது," என்றாள். "கீழ போட்றாதீங்க."

மத்தியானம் தொகுஜி சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். சயோ அவருக்கும் சுவருக்கும் நடுவே போய் அமர்ந்தாள், கிண்ணத்தை நீட்டினாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் வேலை?"

"பாத்துக்க ஆள் இருக்குப்பா. விடுங்க."

வைக்கோல் பிரிந்தது. அவர் கலக்கி விட்டதில் நூல்கள் அவள் மணிக்கட்டில் ஒட்டின.

"போதும்ப்பா."

இன்னும் கொஞ்சம் விழுந்தது. இருவரும் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள்.

சில நாள் கழித்து, தொகுஜி கண்விழித்துப் பேசத் தொடங்கியிருந்த ஒரு மாலையில், கமியா மருத்துவமனைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"கிட்ட வரமாட்டேன். உங்க வீட்டு வாசனை என்மேல பட்டா என்னையும் வெளிய நிறுத்திருவாங்க." பிறகு முகம் மலர்ந்தது. "சயோ, பழைய கிருமி தர்றதவிட கூடவே தருது. இன்னும் நிறுத்தல!"

சயோ கட்டிலின் கம்பியைப் பற்றிக்கொண்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. "பேரு வெச்சாச்சா?"

"வெச்சாச்சு. தொகுஜி."

படுக்கையிலிருந்து மெலிந்த குரல் எழுந்தது.

"யோவ், யாரக் கேட்டு வெச்ச?"

"போதும்னா நிறுத்தாத ஆளு யாருன்னு உங்க பொண்ணுதான் ஆய்வகம் முழுக்கச் சொல்லி வெச்சிருக்காளே!"

தொகுஜி சிரிக்கப் பார்த்தார், தையல் இழுத்தது. மகளின் கையைத் தேடிப் பிடித்தார்.

"நல்லாத் தின்னுதா அது?"

"நல்லாத் தின்னுதுப்பா," என்றாள் சயோ. வந்திருந்த கஞ்சியை ஒரு கரண்டி அள்ளி அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"போதும்," என்றார் அவர்.

சயோ கேட்கவில்லை. இன்னொரு கரண்டி அள்ளினாள்.