கிளாஸின் அடியில் சிவப்புப் பொட்டு

யார் வீட்டுக்குப் போனாலும், குடிக்கக் கொடுக்கிற கிளாஸின் அடியை நான் இப்போது திருப்பிப் பார்க்கிறேன். மரியாதையில்லாத பழக்கம்தான். தெரிந்தேதான் செய்கிறேன். இந்தப் பழக்கம் எனக்கு வந்தது என் மாமியாரால்.

நான் பழவேற்காட்டு ஏரிக்கரைப் பெண். அப்பா ஏரியில் இறாலும் நண்டும் பிடிப்பார், அம்மா அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பாள். எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. மெஷினிலிருந்து விழும் பீஸை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறலோ சொட்டையோ இருந்தால் சிவப்பு மார்க்கரில் ஒரு புள்ளி வைத்துத் தனித் தொட்டியில் போட வேண்டும். புள்ளி விழுந்த பீஸ் நல்ல பீஸோடு கலந்தால் சூப்பர்வைசர் நம்மைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்.

அதே கம்பெனியில் ஸ்டோரில் இருந்தவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் வீட்டில் நெல் வயல், போர்செட், மாடி வீடு எல்லாம் உண்டு. 'போயும் போயும் மீனு விக்கிறவ பொண்ணா?' என்று மாமியார் சாப்பிடாமல் படுத்துக்கிடந்தாராம். பிறகு எழுந்து சாப்பிட்டார். எழுந்ததும் சாப்பிட்டது எங்கள் அப்பா கொடுத்தனுப்பிய நண்டுக் குழம்பு.

விஷயம் வெடித்தது என் நாத்தனாரின் கல்யாணப் பேச்சில். திருநின்றவூர் மாப்பிள்ளை. முதல் தடவை பெண் பார்க்க வந்தவர்கள் தட்டு நிறைய ஆப்பிள் கொண்டுவந்தார்கள். யாரும் தின்னாமல் ஃப்ரிட்ஜில் கிடந்து மாவு தட்டிப்போக ஆரம்பித்தது. அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறிக்க வருவதாகச் சொன்னார்கள். நாத்தனார் என்னிடம் வந்து, "அண்ணி, கிளாஸ்ல அடுக்கடுக்கா ஒண்ணு செய்வியே, அத செய்யேன். அவங்க அசந்துடணும்" என்றாள்.

ஆப்பிள் கிரம்பிள்தான் அவள் கேட்டது. போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆப்பிளைத் துண்டு போட்டுச் சர்க்கரையும் பட்டைத் தூளும் சேர்த்துச் சுண்டவைக்க வேண்டும். கோதுமை மாவில் வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் பிசிறி, வாணலியில் மொறுமொறுவென்று வறுக்க வேண்டும். துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிரில் சர்க்கரை கலந்தால் அது ஒரு அடுக்கு. மாமனார் அதற்கு 'ஆப்பிள் பொடிமாஸ்' என்று பெயர் வைத்திருந்தார், ஆனால் இரண்டாவது கிளாஸ் கேட்கிற முதல் ஆள் அவர்தான்.

மாமியாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "செய்யி. கேட்டாங்கன்னா கும்மிடிப்பூண்டி பேக்கரில வாங்கனோம்னு சொல்லிக்கலாம்" என்றார்.

"ஏன் அத்தை? நான்தானே செய்யப்போறேன்?"

"யாரு செஞ்சது, இன்னா ஆளுங்கன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? உங்க அம்மாவ வரச்சொல்லு. நல்ல எறாவா பாத்து எடுத்துக்கினு கொல்லப்பக்கமா வரட்டும்."

எவ்வளவு அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார் பாருங்கள்! இறால் வீட்டுக்குள் வரலாம், இறால் கொண்டுவந்தவள் கொல்லையோடு நிற்க வேண்டும். நாத்தனார் பாவம், நல்ல பெண். அவள் விஷயம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆப்பிளும் பொடியும் ஆறட்டும் என்று வைத்துவிட்டுக் கிளாஸ்களை எடுத்தேன். என் கல்யாணத்துக்குக் கம்பெனிப் பெண்கள் சேர்ந்து வாங்கித் தந்த டஜன் கண்ணாடிக் கிளாஸ் அது. ஷோகேஸில் எட்டுதான் இருந்தது. 'நாலு ஒடஞ்சி பூட்ச்சி' என்று மாமியார் எப்போதோ சொல்லியிருந்தார். வேறு கிளாஸ் கிடைக்குமா என்று தேடிக்கொண்டே கொல்லைப்புறம் போனேன். துவைக்கிற கல்லுக்கு மேலே, சோப்புத் தூள் வைக்கிற பலகையில், உடைந்துபோன அந்த நாலு கிளாஸும் முழுசாகக் கவிழ்ந்து இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் பொட்டு.

எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தினம் ஷிப்ட் முழுக்க நான் வைக்கிற புள்ளி அது.

அம்மா இறாலோடு வந்து, குழாயடியில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். கிளாஸை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். "இது இன்னாம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "நீ ஷிப்டுக்குப் போயிருக்கசொல்ல எனக்கும் உங்கப்பாவுக்கும் டீ ஊத்துற கிளாஸு. அங்கியே வையி."

"பொட்டு எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"குடிச்சிட்டு நாந்தானே கழுவிக் கவுக்கறேன். எனக்குத் தெரியாம இருக்குமா? நீ வாழற ஊடு. வுடு பாப்பா."

வுடு பாப்பாவாம்! எவ்வளவு காலமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு அந்தக் கிளாஸில் குடித்திருக்கிறாள்! புருஷனைத் தேடிப் போய்க் காட்டினேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "அம்மா பழைய ஆளு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. இன்னிக்கிப் போய் பேஜாரு பண்ணாத" என்றார். அட்ஜஸ்ட் என்கிற வார்த்தையைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைக்க வேண்டும்.

அன்று எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த வீட்டில் எல்லோரும் குடிக்கிற கிளாஸில் என் அம்மாவும் குடிக்க வேண்டும். அது நடக்காதென்றால், அவள் குடித்த கிளாஸில் எல்லோரும் தின்னட்டும் என்று முடிவு செய்தேன்.

பிளேடு வைத்துச் சுரண்டினால் பொட்டு போய்விடும். சுரண்டவில்லை. நாலையும் நன்றாகக் கழுவித் துடைத்து, மற்ற எட்டோடு வரிசையாக வைத்தேன். அடியில் ஆப்பிள், அதன் மேல் வறுத்த பொடி, அதன் மேல் தயிர். மறுபடியும் ஆப்பிள், மறுபடியும் தயிர், கடைசியில் மேலே பொடி. ஃப்ரிட்ஜில் அடுக்கியபோது எது எந்தக் கிளாஸ் என்று எனக்கே தெரியவில்லை. தட்டில் எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்துத்தான் வைத்தேன்.

வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பொட்டு வைத்த கிளாஸில் ஒன்றை மாமியாருக்கும், ஒன்றை மாமனாருக்கும், ஒன்றை என் புருஷனுக்கும் கொடுத்தேன். நாலாவதை மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கொடுத்தேன். கைதவறி இல்லை, வேண்டுமென்றேதான்.

"சூப்பரா கீது! எங்க வாங்கனீங்க?" என்று கேட்டார் அந்தம்மா. "கும்மிடிப்பூண்டி பேக்கரில. ஆர்டர் குட்த்தா செஞ்சி தருவாங்க" என்று மாமியார் கூசாமல் சொன்னார். ஸ்பூன்கள் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தன. நான் சமையலறை வாசலிலேயே நின்றேன்.

அந்தம்மாதான் முதலில் முடித்தார். கிளாஸுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னாங்க இது, அடியில செவப்பா ஒரு பொட்டு?" என்றார். மாமியார் தன் கிளாஸைப் பார்த்தார். கடைசி ஆப்பிள் துண்டுக்குக் கீழே அவர் கையால் வைத்த பொட்டு அவரையே பார்த்தது. அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"அது... பேக்கரிக்காரன் அடையாளம்" என்றார். "எம்மா, அது என் நெயில் பாலிஷ்மா" என்று நாத்தனார் உளறிவிட்டாள். அவள் நகத்திலும் அன்று அதே சிவப்பு.

"பேக்கரி இல்லீங்க. நான் செஞ்சது" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எங்கம்மா டீ குடிச்ச கிளாஸு இவங்க கிளாஸோட கலந்துடக் கூடாதுன்னு அத்தை வெச்ச பொட்டு அது. எங்கம்மா ஏரியில புடிச்ச மீனு விக்கிறவங்க. இப்பகூட பின்னால ஒக்காந்து உங்களுக்குத்தான் எறா உரிச்சிக்கினு கீறாங்க."

என் புருஷன் கையில் ஸ்பூன் அப்படியே நின்றது. கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். எல்லோரும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் கிளாஸைக் கீழே வைத்தார், கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், "சரி, எந்த மாசம் வெச்சிக்கலாம்?" என்றார்.

அவ்வளவுதான். சண்டை வந்திருந்தால்கூட என் ஆத்திரம் அடங்கியிருக்கும். அவர்கள் பாட்டுக்குத் தை மாதமா, மாசி மாதமா என்று பேசினார்கள். பேசி முடித்து இறால் தொக்கோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் கொல்லைக்குப் போய்ப் பார்த்தபோது அம்மா இல்லை. குழாயடியைக் கழுவிவிட்டு, பின்வாசல் வழியாகவே பஸ்ஸுக்குப் போயிருந்தாள்.

மாமியார் பத்துப் பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் சந்தையிலிருந்து ஒரு கட்டு பேப்பர் கப் வாங்கிவந்து பலகையில் வைத்தார். "உங்கம்மா வந்தா இதுல ஊத்திக் குடு. கழுவற வேலை மிச்சம் பாரு" என்றார். கரிசனத்தைப் பாருங்கள்! பொட்டு வைக்கிற வேலையும் மிச்சம். குடித்ததும் கசக்கிப் போட்டுவிடலாம்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்து எல்லோருக்கும் அந்தக் கப்பிலேயே டீ ஊற்றினேன். மாமனார் வயலுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒன்றும் கேட்காமல் குடித்தார். என் புருஷன் கப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குடித்தார். மாமியார் கடைசியாக வந்து உட்கார்ந்தார். நீட்டிய கப்பை வாங்கினார், குடிக்கவில்லை. டீ தளும்பத் தளும்ப அதைத் தலைக்கு மேலே தூக்கி அடியைப் பார்த்தார்.

"பொட்டு இல்ல அத்தை, குடிங்க" என்றேன்.