சாரதாமணியின் பதினான்கு உருண்டைகள்

களிமண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளி வாயில் போட்டு, முன்பல்லால் அரைத்துப் பார்த்துவிட்டு, வேப்பமரத்தடியில் துப்புகிறார் சாரதாமணி. "மணலு சாஸ்தியா இருக்குதுங்க. இன்னொருக்கா கரைச்சு வடிக்கோணும்" என்கிறார். சுற்றி நிற்கும் பிள்ளைகளும் ஆளுக்கொரு சிட்டிகை வாயில் போட்டுத் துப்புகிறார்கள். பிள்ளையைக் கூட்டிப் போக வந்த தாய்மார் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவர்.

சொந்த ஊர் சேவூர். சென்னையில் சிற்பம் படித்தவர். வயது நாற்பதை நெருங்குகிறது. புடவைக்கு மேல் அண்ணனுடைய பழைய காக்கிச் சட்டை, அதன் இரண்டு பைகளிலும் மண்ணில் கோடு கீறுகிற மூங்கில் சீவல்கள். கைத்தொழில் பாடம் என்று சொல்லிக் கல்வி இலாகா அவரை ஒரு பள்ளிக்குப் பத்து நாள் வீதம் அனுப்பிவைக்கிறது. சேவூர்க் குளத்து மண்ணை மூட்டை கட்டி பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு போய் இறங்குகிறார். பத்து நாளில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து ஒரே ஒரு பெரிய மண்சிற்பம் செய்ய வேண்டும். அதுதான் அவருடைய பாடம்.

முதல் இரண்டு நாள் மிதிதான். குழி வெட்டி, மண்ணையும் உமியையும் கொட்டி, எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே இறக்கிவிடுவார். பிறகு ஆளுக்கு ஓர் உருண்டை. உள்ளங்கையிலேயே எடை போட்டு உருட்டுவார், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இராது. கொடுத்துவிட்டால் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். எந்தப் பிள்ளையின் மண்ணையும் அவர் தொட்டுத் திருத்தியதை நான் பார்த்ததே இல்லை. ஒரு பொம்மைக்குக் கால் ஒடிந்துவிட்டால், "நொண்டியாவே வரட்டும் கண்ணு, அவனுக்கும் எடமிருக்குது" என்பார். ஒருவன் உருண்டையை இன்னொருவன் செய்ய விடவே மாட்டார்.

கோபக்காரி. ஆனால் கொங்கு நாட்டுக் கோபம். ஆத்திரம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரணமாகப் பேசும்போது ஒரு 'ங்க' வருகிற இடத்தில், கோபம் வந்தால் மூன்று 'ங்க' வரும். கேட்பவனுக்கு முதுகுத்தண்டு சில்லிடும். எங்கள் தலைமையாசிரியர் இரண்டே நாளில் இதைத் தெரிந்துகொண்டு, அவர் "ஏனுங்க சாருங்க" என்று ஆரம்பித்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

திருப்பூரில் எங்கள் ஆரம்பப் பள்ளிக்கு அவர் வந்தது அறுபத்தேழாம் வருஷம், தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால். மூன்றாம் வகுப்பை அவரிடம் கொடுத்தார்கள். அந்த வகுப்பு வாத்தியார் நான், கந்தவேல். என்ன செய்யலாம் என்று பிள்ளைகளையே கேட்டார். அவினாசித் தேர் என்று ஒரே குரலாகக் கத்தினார்கள். சரி, தேர் நடுவில், ஒவ்வொருவரும் வடம் பிடிக்கிற தன்னைத்தானே செய்ய வேண்டும் என்று தீர்மானமாயிற்று. பனியன் வேஸ்ட் துணியை முறுக்கி வடம் திரித்தார்கள். வடத்தில் முதல் ஆள் யார் என்று சண்டை வந்தது. குழிக்குள் எல்லாரையும்விட அதிக நேரம் மிதித்த ரங்காத்தாள்தான் முதல் ஆள் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். ஒன்பது வயதுப் பெண், அன்றைக்கு முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

எத்தனை உருண்டை வேண்டும் என்று இரண்டாம் நாள் மாலை என்னைக் கேட்டார். பதிவேட்டைப் பார்த்து நாற்பத்து மூன்று என்றேன். மறுநாள் காலை நாற்பத்து மூன்று உருண்டைகள் வரிசையாக இருந்தன. பிள்ளைகள் இருபத்தொன்பது பேர். ரங்காத்தாள் இல்லை.

"பதினாலு பேருக்கும் காச்சலுங்களா?" என்று கேட்டுக்கொண்டே என் மேசைக்கு வந்தார். பதிவேடு திறந்து கிடந்தது. நாற்பத்து மூன்று பேருக்கும் நான் ஆஜர் போட்டிருந்தேன்.

ஒளிப்பானேன்? வருஷா வருஷம் நடப்பதுதான். எங்கள் பள்ளித் தாளாளர் ஆத்தப்பன், பனியன் கம்பெனி முதலாளி. தீபாவளி ஆர்டர் வந்துவிட்டால் பிசிறு நூல் கத்தரிக்கவும் மடித்து அடுக்கவும் சின்னக் கைகள் தேவை. பள்ளியிலிருந்து பிள்ளைகள் போவார்கள், பதிவேட்டில் மட்டும் தவறாமல் வருவார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாத்தியார் வேலை போகும், போகிறவன் நான் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். எனக்குப் பெண்டாட்டி, பிள்ளை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதும்போதுகூட வெட்கக்கேடாக இருக்கிறது. த்தூ!

சாரதாமணி என்னைத் திட்டவில்லை. மூங்கில் சீவலை எடுத்து, பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து, மிச்சமிருந்த பதினான்கு உருண்டைகளிலும் பதினான்கு பெயர்களைக் கீறினார். ஈர வேஸ்ட் துணியால் மூடினார். பிறகு ரங்காத்தாளின் உருண்டையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆத்தப்பன் கம்பெனிக்குப் புறப்பட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஆத்தப்பன் நாற்காலி போடச் சொன்னார், மோர் கொண்டுவரச் சொன்னார். "அம்மிணி, அவிய அப்பனாத்தாளே கொண்டாந்து உட்டாங்க. நானென்ன கட்டியா இழுத்துட்டு வந்தேன்? தீவாளி முடியட்டும், பள்ளிக்கோடம் எங்கியும் ஓடிப்போகாது" என்றார் சாவகாசமாக.

"பள்ளிக்கோடத்தக் கட்டுனவரும் நீங்கதானுங்க. அங்கிருந்து பிள்ளைகளக் கூட்டியாறவரும் நீங்கதானுங்களாங்க? ரொம்ப நல்லாயிருக்குதுங்க சாமீங்க" என்றார் சாரதாமணி. மோரைத் தொடவில்லை.

மதியச் சாப்பாட்டு மணிக்கு ரங்காத்தாள் கேட்டுக்கு ஓடி வந்தாள். தலை, புருவம், கண்ணிமை எல்லாம் பஞ்சு. கத்தரிக்கோல் பிடித்த விரலில் ரத்தச் சிவப்பாக ஒரு வளையம். மண்ணைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்டது, "வடத்துல நாந்தானுங்களே டீச்சர் முன்னாடி?" என்றுதான்.

"நீதான் கண்ணு."

உருண்டையின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கழுத்து ஆரம்பமாயிற்று. அதற்குள் உள்ளே மேஸ்திரி மணியடித்துவிட்டார். உருண்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "காயாம வெச்சிருங்க டீச்சர், நாளைக்கு வந்து மூக்கு வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சாரதாமணி தினமும் கேட்டுக்குப் போய் நின்றார். வாட்ச்மேன் மரியாதையாகத் திருப்பி அனுப்பினான். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், பள்ளி விட்டதும் ஒரு தரம் உருண்டைகளை மூடிய துணிக்குத் தண்ணீர் தெளிப்பது மட்டும் நிற்கவில்லை.

பத்தாம் நாள் கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வருகிறார். அதற்கு முந்தின நாளே தலைமையாசிரியர் சாரதாமணியிடம் வந்து, மிச்ச உருண்டைகளையும் இருக்கிற பிள்ளைகளே செய்துவிடட்டுமே, ஒரு மணி நேர வேலைதானே என்றார். "அதுல அவங்கவங்க பேரு இருக்குதுங்க சாருங்க" என்று பதில் வந்தது. அவர் வழக்கம்போல் வெளியே போய்விட்டார்.

தேர் மர பெஞ்சின் மேல் நின்றது. கோணல்தான், ஆனால் என்ன கம்பீரம்! நொண்டிக் காலுடன் ஒருவன், தலையைவிடப் பெரிய கையுடன் ஒருத்தி, இருபத்தொன்பது பேரும் வடம் பிடித்தார்கள். இடையிடையே அவரவர் இடத்தில் வெறும் மண்ணுருண்டைகள். வடத்தின் முனையில், கட்டைவிரல் பதிந்த உருண்டை.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "இதென்ன, வழியில பாறாங்கல்லா?" என்று சிரித்தார். மாலை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்ற ஆத்தப்பனும் சிரித்தார்.

"இல்லீங்க. பிள்ளைங்க" என்றார் சாரதாமணி. "வாத்தியாரு பொஸ்தகத்துல இன்னைக்கும் வந்திருக்கறாங்க. எண்ணிப் பாத்துக்குங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் பதிவேட்டைத் திறந்து விரலை ஓட்டினார். ஆத்தப்பனை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "எல்லாரும் வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். 'இல்லை' என்று சொன்னால் முடிந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு நாக்குப் புரளாத நான், "தண்ணி குடிக்கப் போயிருக்காங்க சார்" என்றேன்.

"பதினாலு பேருமா?" என்றவர், வாய்விட்டுச் சிரித்தபடி பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். காபி வந்துவிட்டது. எல்லாரும் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்கள்.

நான் மேசையைவிட்டு நகரவில்லை. சாரதாமணி வந்தார். ஒரு 'ங்க'வாவது வரும், வந்தால் தேவலை என்று காத்திருந்தேன்.  பதினான்கு உருண்டைகளையும் ஈரத் துணியோடு கொண்டுவந்து, திறந்து கிடந்த பதிவேட்டின் மேல் அடுக்கினார். ரங்காத்தாளுடையதை மேலே வைத்தார். துணியால் போர்த்தினார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, ஒவ்வொரு நாளும் செய்ததைப் போலவே, நிதானமாக அதன் மேல் ஊற்றினார். நீல மையும் பச்சை மையும் கரைந்து மேசை விளிம்பில் வழிந்து என் வேட்டியில் சொட்டத் தொடங்கிய பிறகும் சொம்பை நிமிர்த்தவில்லை.