சர்க்காரூர் கருப்பி

கருப்பி மூன்றாவது வீட்டு அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறாள். காய்ந்த சுள்ளிக்கு மேலே ஒரு கைப்பிடி பச்சைத் தழை. அப்போதுதான் புகை கனமாகக் கிளம்பும், தூரத்தில் போகிறவன் கண்ணுக்கும் தெரியும். அடுப்பின்மேல் பானை இல்லை. புகை ஓட்டிடுக்கில் கசிந்து வெளியேறியதும் எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போகிறாள். அங்கேயும் குனிந்து ஊதுகிறாள்.

பொழுது நன்றாக ஏறும்போது இரண்டு வரிசை வீடுகளிலும் புகை நிற்கிறது. கொடிகளில் ஈரச் சேலை தொங்குகிறது, நடுவே ஒரு வேட்டியும் தொங்குகிறது. ஒரு வாசலில் சாணி தெளித்திருக்கிறது. இன்னொரு வாசலில் சிந்திய தவிட்டை நாலு கோழிகள் கிளறுகின்றன. ஊர் என்றால் இப்படித்தானே இருக்கும் என்று உள்ளே நடந்துபோனால், தெருக்கோடியை எட்டும்போதுதான் உறைக்கும்: ஒரு குழந்தை அழவில்லை, ஒருவர் இருமவில்லை. இந்த ஊரின் ஜனத்தொகை கருப்பி ஒருத்திதான்.

அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் வண்டித்தடத்தில், மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது சர்க்காரூர். தீர்த்தமலைக்குப் போகிற கூட்டம் வேறு பக்கம் திரும்பிவிடும் என்பதால் இங்கே வர யாருக்கும் முகாந்திரம் இல்லை. காட்டில் குடிசை போட்டுச் சாமை விதைக்கிறவர்களைக் கீழே இறக்கிக் குடியமர்த்துவது என்று ஒரு இலாகா முடிவுசெய்து கட்டிய வீடுகள் இவை. எந்த இலாகா என்று சொல்லப்போவதில்லை. நல்ல வீடுகள்தான். சுவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அளவுக்கயிறு பிடித்தவர் அழகுக்காக ஒரு காரியம் செய்துவிட்டார். ஒவ்வொரு வாசலுக்கும் நேரெதிரே இன்னொரு வாசல்.

மேலே காட்டில் இருக்கிற அந்தக் கோம்பைமேட்டுக்காரர்கள் வாசலுக்கு நேரே வாசல் வைப்பதில்லை. ஒரு வீட்டிலிருந்து கிளம்பும் சாவு நேராக எதிர்வீட்டுக்குள் நடந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. குடிவரச் சொன்ன நாளில் மூட்டை முடிச்சோடு இறங்கி வந்தார்கள். தெருவை ஒரு பார்வை பார்த்தார்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள்.

அவர்களில் கருப்பி மட்டும் பகலில் கீழே வந்துபோனாள். வீடு கட்டும்போது மண் சுமந்தவள்; கட்டி முடித்தபின் கூட்டிப் பெருக்க மேஸ்திரி அவளையே வைத்துக்கொண்டார். ஒருநாள் கிழங்கு சுட அடுப்பு மூட்டினாள். அந்தப் பக்கம் வந்த சிப்பந்தி ஒருவர் புகையைப் பார்த்துவிட்டு, ஒரு குடும்பம் வந்துவிட்டது என்று சந்தோஷமாக மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார். மற்றக் குடும்பங்களும் வராவிட்டால் ஆள்விட்டுக் குடிசைகளைப் பிரிக்கவேண்டியிருக்கும் என்று போகிறபோக்கில் அவளிடமும் சொன்னார். மறுநாள் எல்லா வீட்டிலும் புகை வந்தது.

"பொகைதான சாமி கேக்கறாங்க. பொகை நம்ம கையில இருக்குது" என்கிறாள்.

அன்று தொடங்கியவள் படிப்படியாக ஊரை நிரப்பினாள். குதிகாலை ஊன்றித் தெருப்புழுதியில் நடந்து காட்டி, "இது ஆம்பள நடை" என்றாள் என்னிடம். காலை இழுத்து நடந்து, "இவ புள்ளத்தாச்சி" என்றாள். வண்டிச் சத்தம் கேட்டால் ஒரு வீட்டில் உலக்கை போடுவாள், இன்னொரு வீட்டுக்கு ஓடி யாரையோ உரக்கத் திட்டுவாள். யாரும் வராத நாளிலும் திட்டுகிறாள். வடக்கு மூலை வீட்டுக்காரி சோம்பேறியாம். "பொழுது இம்மாம் ஏறியும் தூங்கறா பாரு! ஏண்டி, எந்திரி!" என்று காலிக் கதவைப் பார்த்துக் கத்திவிட்டுத்தான் அங்கே அடுப்பு மூட்டுவாள். நான் போயிருந்த காலையில் வெயில் பொறுக்காமல் அந்த மூலை வீட்டுக்குள் நுழைந்து, அடுப்போரம் தெரியாமல் கை வைத்துவிட்டேன். சுட்டது. கருப்பி அப்போது மூன்றாவது வீட்டில்தான் இருந்தாள்; மூலை வீட்டுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் நிமிரக்கூட இல்லை. "இன்னிக்கிச் சீக்கிரம் எந்திரிச்சிட்டா போல" என்றாள். நான் அதற்குப் பிறகு தெருவிலேயே நின்றேன், வெயில் என்றும் பாராமல்.

எனக்கும் அவளுக்கும் பழக்கம் வந்த கதையைச் சொல்லவேண்டும். முப்பத்தெட்டாம் வருஷம் நான் சட்டசபையின் கணக்குக் கமிட்டிக்குச் சுருக்கெழுத்துக்காரன். சட்டசபை பணம் ஒதுக்கும், இலாகா செலவழிக்கும். சொன்ன காரியத்துக்குத்தான் செலவழித்தாயா என்று பிறகு கேட்பதற்காக, மெம்பர்களில் சிலரைப் பொறுக்கி இந்தக் கமிட்டியைப் போடுவார்கள். தணிக்கைக்காரர் எழுதிய குறிப்பை முன்னால் விரித்து, இலாகாக்காரரை எதிரே உட்காரவைத்துக் குடைவார்கள். வெளியே புலியாகத் திரிகிற உத்தியோகஸ்தர்கள் அந்த அறையில் தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடிப்பதை நான் பார்த்து ரசித்ததுண்டு.

சர்க்காரூர் விஷயத்தில் தணிக்கைக்காரருக்குக் குறையே இல்லை. வீடு கட்டப் பணம் கொடுத்தார்கள், வீடு இருந்தது. பக்கத்தைப் புரட்டப் போனார் தலைவர். அப்போது மாதப்பன் வாயைத் திறந்தார். இண்டூர்ப் பக்கத்து விவசாயி, முண்டாசைக் கழற்றாமல் கமிட்டியில் உட்காருகிற ஒரே மெம்பர்.

"வூடு கட்டினீங்க, சரிங்க. அடுப்பு எரியுதுங்களா?"

"எல்லா வீட்டிலும் எரிகிறது" என்றார் அதிகாரி.

"அப்ப ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருவமுங்க."

போனோம். தலைவர், மாதப்பன், அதிகாரி, நான். மலை திரும்பியதும் கூரைகளிலெல்லாம் புகை தெரிந்தது. அதிகாரியின் முகத்தில் உயிர் வந்தது. அவருக்கு உண்மை தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கருப்பி எதிரே வந்து கும்பிட்டாள். இடது பாதம் கொஞ்சம் உள்வளைந்து, அதை ஒரு மாதிரித் திருப்பி வைத்து நடக்கிற பெண்.

"எல்லாரும் கடுக்கா பொறுக்கப் போயிருக்கறாங்க சாமி."

"அவர்கள் வரட்டும், பார்த்துவிட்டுப் போகலாம்" என்றார் தலைவர். தெருத் தொடக்கத்துப் புளியமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். வெயில் தாழ்ந்தது. யாரும் வரவில்லை. புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. மாதப்பன் தெருவையே பார்த்தபடி பீடியைப் பற்றவைக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒருவேளை ஆட்களே குடிவரவில்லை என்றால்?" என்று கேட்டார் தலைவர்.

"அப்படியிருந்தால் ஒரு வாரத்தில் கொண்டுவந்துவிடலாம். மேலே உள்ள குடிசைகளைப் பிரித்துத் தீவைக்க உத்தரவு தயாராக இருக்கிறது. கையெழுத்துதான் பாக்கி" என்றார் அதிகாரி. கமிட்டியின் முன்னால் இலாகாவின் சுறுசுறுப்பைக் காட்டிக்கொண்டார், பாவம். கருப்பி தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றிருந்தாள்.

இருள் கட்டத் தொடங்கியது. "நம்மைக் கண்டு பயந்து உள்ளேயே இருக்கிறார்களோ? ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடு" என்றார் தலைவர். கருப்பி முதல் வாசலில் போய் நின்று, "நாகா" என்றாள். மகன் பெயர். மேலே கோம்பைமேட்டில் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தவன். உள்ளே சத்தமில்லை.

மாதப்பன்தான் உதவிக்கு வந்தார். "ஏம்மா, பொழுது சாஞ்சப்பறம் ஒரு வாட்டி கூப்ட்டா யாரு ஏன்னு கேப்பாங்க? பேயின்னு பயந்துக்குவாங்க. மூணு வாட்டி கூப்புடு, வருவாங்க."

கீழே உள்ளவர்களுக்கு அது சரி. பேய் ஒரு தரம்தான் கூப்பிடும், மனுஷன்தான் மூன்று தரம் கூப்பிடுவான் என்று இண்டூரில் எந்தப் பிள்ளையும் சொல்லும். கோம்பைமேட்டில் வழக்கம் வேறு. அங்கே ஒருவர் செத்துப் பிணத்தை எடுத்தபின், காலி வீட்டு வாசலில் நின்று அவர் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார்கள். பதில் இல்லையென்றால் அடுப்பை அணைப்பார்கள். அந்தக் கணத்தோடு அந்த ஆள் இந்த ஊரில் இல்லை என்று ஆகிவிடும். இதெல்லாம் பின்னால் அவளே எனக்குச் சொன்னது. அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டதை மட்டும் பார்த்தோம்.

கூப்பிடாவிட்டால் குடிசை எரியும். கூப்பிட்டால், காலி வீட்டைப் பார்த்து மகனையும் மருமகள் செல்லியையும் அக்கம்பக்கத்தையும் ஒவ்வொருவராகத் தன் வாயாலேயே சாகக் கொடுக்கவேண்டும். அவள் அங்கேயே நின்றாள்.

பிறகு குரல் வந்தது.

"கருப்பீ... கருப்பீ... கருப்பீ..."

கூப்பிட்டுவிட்டுத் தானே இருட்டான வாசலுக்குள் நுழைந்தாள். உள்ளேயிருந்து, "ஏன், இதோ வந்துட்டேன்" என்று பதில் வந்தது. முக்காடு போட்டு, இடுப்பில் முறத்தோடு ஒருத்தி வெளியே வந்து நின்று, திரும்பவும் உள்ளே போனாள். புறக்கடை வழியாகச் சுற்றி வந்திருக்கவேண்டும்; அடுத்த வாசலில் மறுபடியும், "கருப்பீ... கருப்பீ... கருப்பீ..." பதில் சொன்ன குரல் வேறாக இருந்தது. வயசான குரல். அதற்கடுத்த வீட்டில் சின்னப்பெண் குரல். மங்கலில் ஒவ்வொரு வாசலாக ஒவ்வொருத்தி முளைத்து மறைந்தாள். கூப்பிட்டவளையும் வந்தவளையும் ஒருசேர ஒரு தரமாவது பார்த்துவிட மாட்டோமா என்று எனக்கு வெறியே வந்தது.

தலைவருக்குக் கிட்டப்பார்வை. ஆனால் காது நன்றாகக் கேட்கும். "என்ன ஓய், எல்லாருக்கும் ஒரே பெயரா?" என்றார்.

மாதப்பன் வாசலில் நின்றவளின் பாதத்தைப் பார்த்தார். இடது பாதம். எழுந்து முண்டாசைச் சரிசெய்துகொண்டார்.

"இந்தப் பக்கம் கருப்பிங்க ரொம்பப் பேருங்க. குடி நெறைய இருக்குதுங்க. போலாமுங்க."

தலைவர் திருப்தி என்று எழுதச் சொன்னார், எழுதினேன். கையெழுத்தாகாத உத்தரவு அப்படியே கிடந்துபோயிற்று. பல மாதம் கழித்துக் கோம்பைமேட்டு வழக்கத்தை நான் மாதப்பனிடம் சொன்னபோது, "நான்தானுங்களே மூணு வாட்டின்னேன்" என்றவர், முன்னால் இருந்த சோற்றிலையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று இரவு கருப்பி மலையேறவில்லை. தேடிக்கொண்டு பந்தத்தோடு வந்த நாகனை உள்ளேயிருந்தே தடுத்தாள். "கூப்ட்டாச்சிடா. வந்துட்டேன்னும் சொல்லியாச்சி. இனி மேல வந்தா ஆரு பின்னால ஆரு வருவாங்களோ. நீ போ." அவன் அழுது பார்த்தான். ஊர்ப்பெரியவர் வேடியப்பனும் யோசித்துப் பார்த்தார். காலி வீட்டில் மூன்று தரம் கூப்பிட்டது கூப்பிட்டதுதான்; தனக்குத் தானே சொன்ன பதில் கணக்கில் வராது. மேலே அவள் அடுப்பை அணைத்தார்கள்.

அப்புறம் யுத்தம் வந்தது, மந்திரிகள் போனார்கள், வந்தார்கள். சர்க்காரூரைக் கேட்பாரில்லை. கூட்டுகிற கூலி மட்டும் மாசாமாசம் வருகிறது. எந்தச் செலவுத் தலைப்பில் வருகிறதென்று எந்தக் கமிட்டியும் கேட்கவில்லை, நான் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன். போன வருஷம், மலையில் இருப்பவர்கள் மலையிலேயே இருக்கலாம் என்று உத்தரவாகிவிட்டது. அதனால்தான் இதையெல்லாம் தைரியமாக எழுதுகிறேன். இனி எதற்கு அடுப்பு மூட்டவேண்டும் என்று அவளிடம் கேட்டேன்.

"அது காயிதத்துல வந்துச்சி சாமி. மொதல்ல வந்ததும் காயிதந்தான" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் போயிருந்தது சாமை அறுத்து முடித்த சமயம். புதுச் சாமையைப் பொங்கி, செத்தவர்களுக்கு எல்லைக்கல்லில் படைப்பது கோம்பைமேட்டு முறை. பின்னேரம் நாகன் இலைப்பொட்டலத்தோடு மலைப்பாதையில் இறங்கி வந்தான். வியர்த்து வழிந்தது. தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கல்லின் முன் இலையை விரித்து, சோற்றை வைத்து, கைகூப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். செத்தவர் வந்து சாப்பிடும்போது கண்ணைத் திறக்கக்கூடாது.

கருப்பி புதர்மறைவிலிருந்து வந்தாள். இலையின் முன் உட்கார்ந்து, சத்தமில்லாமல், அவசரமில்லாமல் சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எழுந்து அவன் பின்னால் போய் நின்றாள். அவன் பிடரியில் வழிகிற வியர்வையைப் பார்த்தாள். கை நீண்டது, பாதியில் நின்றது. முந்தானையை அவிழ்த்து, அவன்மேல் படாமல், மெல்ல விசிறத் தொடங்கினாள்.

"ஆத்தா காத்தா வந்துட்டா" என்று நாகன் மூடிய கண்ணோடு சொன்னான். காற்று வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். அவள் சட்டென்று மறுபக்கம் நகர்ந்துகொண்டு, விசிறுவதை மட்டும் நிறுத்தாமல் இருந்தாள்.