அம்மாவை சென்ட் பண்ணிய ஞாயிறு

கிளமெண்டியில் பிள்ளைகளுக்கு ஆங்கில ட்யூஷன் எடுக்கிறேன். "அப்பா தினமும் என்னைப் பள்ளிக்கு சென்ட் பண்ணுகிறார்" என்று ஒரு பிள்ளையாவது எழுதாத வாரம் கிடையாது. அடித்துத் திருத்தியே கை ஓய்ந்துவிட்டது. எங்கள் சிங்கப்பூரில் கூடவே போய் இறக்கிவிட்டு வருவதற்குப் பெயர் 'சென்ட்'. அகராதிக்கு அது ஆகாது. அதன் வேர் பயணத்தைக் குறித்த ஏதோ பழஞ்சொல்லாம். அனுப்புவது, அதாவது ஒருவரைப் புறப்பட வைப்பதுதான் பொருளாம். வைக்கிறவர் வீட்டைவிட்டு அசையவே வேண்டியதில்லை.

எனக்கு ஏழு வயதிலேயே இந்தச் சொல்லோடு தகராறு. ஃபேரர் பார்க்கில் குடியிருந்தோம். அப்பா டாக்சி ஓட்டினார். அம்மாவுக்கு ஊர் திருச்சி. அந்த வருஷம் இருவரும் சண்டை போடுவதைக்கூட விட்டுவிட்டார்கள். வீடு அமைதியானதில் எனக்கு ஒரே நிம்மதி.

ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பா, "வா பாப்பா, அம்மாவை ஏர்போர்ட்ல சென்ட் பண்ணிட்டு வரலாம்" என்றார். அம்மா பயணி மாதிரி பின்சீட்டில் ஏறிக்கொண்டார். முன்சீட் எனக்கு. அந்தக் குஷியில் வழியெல்லாம் நான் மட்டும்தான் பேசினேன். சாங்கியில் அப்பா பெட்டிகளை இறக்கி வைத்தார். அம்மா என் தலையைத் தடவி, "நல்லா சாப்பிடணும், என்ன?" என்றார். எப்போது வருவீர்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரத்தானே வேண்டும்? அவர் வரவே இல்லை.

மறுநாள் வகுப்பில், அப்பா அம்மாவை சென்ட் பண்ணினார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். டீச்சர் சிரித்துவிட்டார். அப்படிச் சொன்னால் உன் அப்பா அம்மாவைப் போகச் சொல்லிவிட்டார் என்று ஆகிவிடும், கூட்டிக்கொண்டுபோய் விட்டார் என்று சொல் என்றார். வகுப்பே சிரித்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

சாயங்காலம் அப்பா தோசைப் பொட்டலத்தோடு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ரொம்பக் களைத்திருந்தார்.

"இல்லம்மா, டீச்சர் ராங். அப்பா சென்ட்தான் பண்ணேன்."

எனக்கு அது போதும். மறுநாள் முதல் வேலையாக டீச்சர் முன்னால் போய் நின்று, என் அப்பாவிடம் கேட்டுவிட்டேன், நான் சொன்னதுதான் சரியாம் என்று தலை நிமிர்ந்து சொன்னேன்.